நாய் தூங்குகிற வண்டி

அந்த வீட்டுக் கூடத்தில் டிரைவருக்கு நாற்காலி கிடையாது, நாய்க்கு உண்டு. டிரைவர் இருபத்தாறு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். அவர் ஓட்டினால் கையில் பிடித்த காபி தளும்பாது என்று பேர். அந்தப் பேரை அவரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார், பாவம்.

நாய் கைப்பிடி அளவுதான். ஆனால் வண்டியில் ஏறினாலே வாந்தி. அதைச் சரிக்கட்டியதும் டிரைவர்தான். புறப்பட நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் முன்னதாகவே கூடையைக் கூடத்தில் வைத்து, வீட்டுக்கார மேடத்தின் பழைய துண்டை உள்ளே விரித்து, நாயைப் படுக்கப் பழக்கினார். கூடை நகராமல் பின் சீட்டில் பெல்ட் போட்டார். ஏசி காற்று அதன் முகத்தில் அடிக்காமல் திருப்பி வைத்தார். விழித்திருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் நிழலில் நிறுத்தி, இரண்டு வாய் தண்ணீர்.

"தூங்கிட்டா மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது மேடம். முழிச்சிக்கும், அப்புறம் வாந்திதான்" என்று, மேடத்தோடு மூன்று நாள் வெளியூர் கிளம்பிய அன்று காலையும் சொன்னார்.

இரண்டாவது நிறுத்தத்தில் டிரைவருக்கு அவருடைய அக்கா போன் செய்தாள். அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி அதே சாலையில்தான் இருந்தது. அம்மாவுக்கு நினைவு தப்புகிற நோய்.

"தம்பி, இன்னைக்கு அம்மா தெளிவா இருக்காங்கடா. உன் பேரைச் சொல்லிக் கேக்கறாங்க. மூணு மாசமா இப்படி இருந்ததில்ல. எப்படியாவது வந்துட்டுப் போ."

கொஞ்ச தூரம் போனபின் டிரைவர் மென்று விழுங்கிக் கேட்டார். "மேடம், அம்மா இருக்கிற ஆஸ்பத்திரி ரோட்டு மேலயே வருது. பத்து நிமிஷம் நிறுத்தலாமா?"

மேடம் ஒன்றும் பொல்லாதவர் அல்ல. கூடையை எட்டிப் பார்த்தார். "இப்பதான் தூங்குது. நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு நாள்ல திரும்பறப்ப நிதானமா பாருங்களேன்."

சொன்ன வாயை என்ன செய்வது?

ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதில் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டால் போதும். நாய் விழித்து வாந்தி எடுக்கும், நிறுத்தியே ஆக வேண்டும். மேடம் துண்டை மாற்றி முடிப்பதற்குள் மாடி ஏறி அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம். எல்லாம் சரியாகத்தான் யோசித்தார். பாழாய்ப்போன கால் கேட்கவில்லை. அது பிரேக்கைத் தடவிக்கொடுத்தது. வண்டி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"என்ன அருமையா ஓட்டறீங்க" என்றார் மேடம்.

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடத்தின் மேல்கூட இல்லை, தன் கால் மேல்.

மூன்றாம் நாள் திரும்பும்போது நாய் விழித்திருந்தது. மேடமே நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளவும் சொன்னார். டிரைவர் மாடிக்கு ஓடினார். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு தம்பி நீங்க?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் "டிரைவர்ம்மா" என்றார்.

"என் பையனும் டிரைவர்தான்" என்றாள் அம்மா, அவரைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு வரேன்னு சொல்லியிருக்கான்."