தொட்டாப் போதும்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர் சபாபதி. கணினியெல்லாம் அவர் மனைவி லோகேஸ்வரியின் உலகம். கிள்ளானில், சரக்கு அனுப்பிவைக்கும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் சுங்கப் பாரங்கள் எனப்படும் படிவங்களை நிரப்புவது அவள் வேலை. "நான் தட்டுனாத்தான் உங்க லோரி கேட்டைத் தாண்டும்" என்று சீண்டுவாள். பிள்ளைகள் இல்லை. இருவர் பிழைப்பும் ஒரே துறைமுகத்தைச் சுற்றி இருந்ததால், சாப்பிட உட்கார்ந்தால் பேச்சுக்குக் குறைவிருக்காது.

முதலில் ஒத்துழைக்காமல் போனது அவளுடைய வலது கைக் கட்டைவிரல். பொத்தான் போட வரவில்லை. பிறகு மவுஸைப் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதம் அலைந்த பின், கோலாலம்பூரில் ஒரு நரம்பு மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. மருந்து அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

காரில் திரும்பினார்கள். சுங்கை வே ஊரைத் தாண்டும்போது அவள் சொன்னாள்.

"வேலைய மட்டும் இப்ப விட மாட்டேங்க."

கம்பெனி அவளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி ஒரு லேப்டாப் கொடுத்தது. மவுஸுக்குப் பதில், விசைகளுக்குக் கீழே இருக்கும் டச்பேட்டில் விரலை ஓட்டிப் பழக வேண்டியிருந்தது. பத்து நாள் பாடாய்ப் பட்டாள். உள்ளங்கை லேசாக உரசினாலே திரையிலிருக்கும் அம்பு எங்கோ ஓடும். அடித்துக்கொண்டிருந்த எழுத்து வேறு கட்டத்தில் போய் விழும். ஆபீஸ் தோழி தாமரை போனில் வழி சொல்லச் சொல்ல, செட்டிங்ஸைத் திறந்து அம்பின் வேகத்தைக் குறைத்தாள். எவ்வளவு மெல்லத் தொட்டால் அது உணர வேண்டும் என்பதற்கு நான்கு படிகள் இருந்தன. கை உரசியதற்கெல்லாம் அம்பு ஓடாதபடி ஆகக் கீழ்ப் படியில் வைத்தாள். இரண்டு விரலைச் சேர்த்து இழுத்துப் பக்கத்தை நகர்த்தக் கற்றுக்கொண்டாள். பதினோராம் நாள் சபாபதி வேலை முடிந்து வந்தபோது, "இன்னைக்குப் பதினாலு பாரம், ஒரு தப்பு இல்ல" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

விரலில் பலம் குறையக் குறைய அந்தப் படியை ஏற்ற வேண்டி வந்தது. அப்போது அவளால் தனியாக அதைச் செய்ய முடியவில்லை. சபாபதி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினார். லேப்டாப்பே மேசையில் நகர்ந்தது.

"ஐயோ, உடைச்சிடாதீங்க லா. அழுத்த வேணாம், தொட்டாப் போதும்."

"தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"இதுவா தொடுறது? பிரேக்க மிதிக்கிற மாதிரி இருக்கு."

அவள் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். லோரிச் சங்கிலியை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல் அது. பல நேரம் டச்பேட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெந்நீரில் கழுவி கிரீம் தடவிக்கொண்டு வரச் சொன்னாள். அவரும் தடவிக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் இரண்டாம் படி, ஜூலையில் மூன்றாவது, செப்டம்பரில் கடைசி. இதற்குள் அவர் லோரியின் மதிய ஓட்டத்தை விட்டுவிட்டுக் காலை ஓட்டம் மட்டும் எடுத்துக்கொண்டார். பூச்சோங்கிலிருந்து லோகேஸ்வரியின் தங்கை மலர்விழி வந்து பன்னிரண்டு மணி வரை பார்த்துக்கொள்வாள். பிறகு அவர்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு மதியம், அவள் விரல் ஒரே கட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அம்பு அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

அவர் செட்டிங்ஸைத் திறந்தார். ஏற்கெனவே கடைசிப் படியில்தான் இருந்தது. ஒரு படி இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"கூட்டிட்டேன் லோகா. இப்பப் பாரு."

அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"நாலுதாங்க இருக்கு. எனக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அன்றே வேலையை விடும் கடிதத்தை மலாயில் அவள் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தட்டினார். அவள் நாக்கும் குழறத் தொடங்கியிருந்தது. அந்தப் பேச்சு அவருக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும். ஒவ்வொரு வரியிலும் எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்த வைத்தாள். எட்டு வரிக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. என் கையில் முடிக்காத பாரம் எதுவும் இல்லை என்பது கடைசி வரி. அனுப்புவதை மட்டும் தானே செய்ய வேண்டும் என்றாள். அவர் அவளுடைய மணிக்கட்டைத் தாங்கி விரலை டச்பேட்டின் மேல் வைத்தார். இரண்டு தடவை கடிதம் போகவில்லை. மூன்றாம் தடவை போனது.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், விடியற்காலையில், மூச்சு நின்று அவள் இறந்தாள்.

லேப்டாப் கம்பெனியுடையது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சபாபதி அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிள்ளான் ஆபீஸுக்குப் போனார். தாமரைதான் வாங்கிக்கொண்டாள். திறந்து விரல் வைத்தவள் திகைத்தாள். லேசாகப் பட்டதற்கே ஏதேதோ திறந்தது.

"என்னண்ணே இது, ஊதுனாக்கூட திறக்குது?"

"அவளுக்காக வச்சது. இனி யாருக்குக் குடுப்பீங்க?"

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. ஐடி ஆளு வந்து எல்லாத்தையும் அழிச்சு மாத்திடுவாரு, நீங்க கவலப்படாதீங்க."

"நான் மாத்துறேன்."

அவரே மேசைமுன் உட்கார்ந்தார். தேடாமல், தடுமாறாமல் செட்டிங்ஸுக்குள் போனார். நான்காம் படியிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. ஒவ்வொரு படியிலும் விரல் சற்று நின்றது. அம்பின் வேகத்தையும் சரிசெய்தார். தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்பச் சரியா இருக்கும். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, அழுத்த வேணாம்னு" என்று எழுந்தவர், வாசல் வரை வந்த பிறகு சுவரில் கை ஊன்றிக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். காலை ஓட்டம் முடிந்து சாவியைக் கொடுக்கப் போனபோது, ஓட்டுநர்களுக்கு ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஹாசிம் கேட்டார்.

"மதியத்துக்கு ஒரு கண்டெய்னர் பெட்டி இருக்குண்ணே. வேற ஆளுக்குக் குடுத்திடவா? உங்களுக்கு வீட்டுக்கு..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"நானே எடுத்துக்கிறேன் பாஸ்" என்றார் சபாபதி. "சாயங்காலத்துக்கு இருந்தாலும் குடுங்க."