மகளின் பீன்ஸும் நான் ஊற்றிய தண்ணீரும்

இன்று மகளின் மெக்சிக்கோவைச் சிங்கில் ஊற்றிவிட்டேன்.

படிப்புக்காக ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். எங்களுக்கும் அந்தச் சாப்பாட்டைக் காட்ட வேண்டும் என்று, மத்தியானமே பின்டோ பீன்ஸ் என்ற பயற்றை வெங்காயம், உள்ளிப்பூண்டோடு அவியவிட்டாள்.

"அப்பா, ட்வெய்ட்டாக் கடையிலை கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாறன். நாலு மணிக்கு அடுப்பை நிப்பாட்டிவிடுங்கோ."

நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். கடலை அவித்தால் தண்ணீரை வடித்துத் தாளிப்பதுதானே நம் பழக்கம்? வடித்தேன். செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச்சொட்டு எல்லாம் போட்டுத் தாளித்தும் வைத்தேன்.

வந்து பானையைத் திறந்தாள்.

"தண்ணி எங்கையப்பா?"

"ஊத்திப்போட்டன். ஏன் பிள்ளை?"

"அதிலைதானப்பா ருசி. அங்கை ஒவ்வொரு நாளும் அதைத்தான் குடிச்சனான்."

அவள் நான் தாளித்ததை ஒரு கோப்பையில் போட்டு, நின்றபடியே சாப்பிட்டாள். இன்னொரு தரமும் போட்டாள்.

"இது வேறை சாமான். ஆனா நல்லாயிருக்கு. நாளைக்குத் திரும்ப அவிப்பம். நீங்கள் குசினிக்குள்ளை வரப்படாது."

இப்போது புதுப் பீன்ஸ் ஊறுகிறது. இந்த ஊறல் தண்ணீரையாவது வடிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளைக் கேட்கப் பயமாக இருக்கிறது.