யார் பக்கமும் சேராத ஒருவர்

எண்பத்தெட்டில், பர்மாவில் எங்கள் ஊரான இன்சீனில் தெருவெல்லாம் ஊர்வலமாக இருந்தது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகன் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான்.

"இடைக்கால அரசு வேணும்ப்பா. யாரு பக்கமும் சேராத ஒருத்தர் வந்து, ஒழுங்கா தேர்தல் வச்சிட்டுப் போயிடணும்."

"உட்கார்ந்தவன் எந்திரிப்பானாடா?"

"நல்ல தயாதூஜி ஒருத்தர் வந்தா எந்திரிப்பாருப்பா."

நீதிபதியை பர்மியில் அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நாளில் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. தெருவில் சுட்டார்கள். மகன் சிநேகிதர்களோடு தாய்லாந்து எல்லைக்குப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதுவே அம்மன் போட்ட பிச்சை என்று இருந்தோம்.

தொண்ணூறில் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் கைக்கு ஆட்சி வரவில்லை. அந்த வருடக் கடைசியில் ஒரு நாள், சத்தத்தைக் குறைத்து வைத்து வெளிநாட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வங்காளதேசத்தில் ஜனங்கள் போராடி ஆட்சியை இறக்கிவிட்டார்களாம். தலைமை நீதிபதியே பொறுப்பை ஏற்றிருக்கிறாராம். தேர்தல் முடிந்ததும் கோர்ட்டுக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தாராம்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம பய சொன்ன ஆளுங்க! அங்க நல்லபடியா முடிஞ்சா இங்கயும் அப்படி ஒருத்தர வைப்பாங்க. நாளைக்குக் கோயிலுக்கு வாங்க."

மறுநாள் அம்மன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?"

"டாக்காவுல இருக்கிற ஜட்ஜு ஐயாவுக்கு."

குருக்கள் என்னைப் பார்த்தார். ரேடியோவில் கேட்ட பெயர் என் நாக்கில் வரவில்லை.

"நட்சத்திரம்? கோத்திரம்?"

"அவரு பாய்ங்க சாமி" என்றேன்.

குருக்கள் சிரித்துவிட்டார். "அப்ப அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்."

"அம்மனுக்கு என்ன கொறச்சல்? அவ நல்லாத்தான் இருக்கா. ஐயாவுக்குப் பண்ணுங்க" என்றாள் இவள். பிறகு குரல் இறங்கிப்போய், "என் மவன் நட்சத்திரத்தச் சொல்லுங்க சாமி. அவரு ஜெயிச்சாத்தான் இவன் வீட்டுக்கு வருவான்" என்றாள்.

குருக்கள் உத்திரட்டாதி என்று சொல்லி அர்ச்சனை செய்தார்.

அந்த நீதிபதி சொன்னபடியே தேர்தலை நடத்திக் கொடுத்துவிட்டு, பிறகு கோர்ட்டுக்கே திரும்பினார். இவள் தேங்காய் உடைத்தாள். அதற்குப் பிறகு இங்கே மேலிடத்தில் ஆள் மாறும்போதெல்லாம், "இவரு கோர்ட்டுல இருந்தவரா?" என்று கேட்பாள்.

"இல்ல, பட்டாளம்."

"சரி, அடுத்தவரப் பாப்போம்."

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு நாள் எதிர்வீட்டு போனுக்கு மகன் கூப்பிட்டான். தடித்த குரல். அப்பா என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அம்மாவப் பாக்கணும் போல இருக்குப்பா. வந்துடட்டுமா?"

அந்தக் கேள்விக்காக எத்தனை விரதம் இருந்திருப்போம்! வந்துடட்டுமான்னு கேக்கறான் என்று இவளிடம் சொன்னேன். இவள் ரிசீவரை வாங்கினாள்.

"வராதடா. வந்தா உள்ள வச்சிடுவானுங்க. அங்கயே இரு சாமி. சாப்பிட்டியா?"

அன்றிலிருந்து அவனைக் கொண்டுவந்து சேர் என்று அம்மனிடம் நான் கேட்பதில்லை. வாடா என்று இவள் வாயாலேயே சொல்ல ஒரு நாளைக் கொடு தாயே என்றுதான் கேட்கிறேன்.