ஒன்பதாம் சானல்

இரண்டு பேரில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்வதே தொழிலாக உள்ள ஒருவரால் அவர்களுக்கு நன்மை செய்ய முடியுமா? ஜோஸ்லினின் வாழ்க்கையைப் பார்த்தால் இப்படிக் கேட்கத் தோன்றும். அவர் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்கு எதிரே, தையல்கடை மாடியில் அவருடைய பட்டறை. வயது நாற்பத்திரண்டு. கணவர் பிரான்சிஸ் ரயில்வே ஊழியர். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஜோஸ்லின் ரிமோட் செய்து தருகிறார். கையில் ஒரு பெட்டி, கிணற்றடியில் ஒரு பெட்டி. இரண்டுக்குள்ளும் தபால்தலை அளவில் ஒரு வயர்லெஸ் அட்டை. அதில் நூறு சானல்கள். அட்டையைக் கணினியில் இணைத்து, ஒரு ஜோடிக்கு ஒரே எண்ணைப் பதிய வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கு, அதாவது பக்கத்துக் காட்டுக்காரருக்கு, வேறு எண். இதில் மேதைமை ஒன்றும் இல்லை. கவனம் போதும். அது அவரிடம் இருந்தது, பெரும்பாலும்.

"எந்த நம்பர் வைக்கட்டுங்க?" என்று கேட்பது அவர் வழக்கம். மரியாதைக்காகத் தொடங்கியது. எட்டை யாரும் தொடவில்லை. கூட்டினால் எட்டு வருகிறதென்று பதினேழையும் இருபத்தாறையும்கூட ஒதுக்கினார்கள். ஒன்பதுக்குத்தான் கிராக்கி. ஆகவே ஒன்பது கேட்பவர்களின் ஊரை நோட்டில் எழுதி, ஒரே ஊரில் இருவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்.

போன மாசியில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மருதாசலம் என்ற விவசாயி வந்தார்.

"ஏனுங்கம்மா, பக்கத்துக் காட்டுக் கந்தம்மா ரிமோட்ட அமுக்குனா என்ற மோட்டாரும் ஓடுதுங்க. என்ற கெணத்துல ஒரு மணி நேரத் தண்ணிதான். அவங்க மூணு மணி நேரம் ஓட்டறாங்க. ஒருக்கா மோட்டாரு காயிலு கருகிப் போச்சு. மறுக்கா போனா குச்சிக்கெழங்கு பூராவும் காஞ்சிருமுங்க. வேணும்னே பண்றாங்க."

ஜோஸ்லின் நோட்டைப் புரட்டினார். மருதாசலத்துக்கு ஒன்பது. கந்தம்மாளுக்கும் ஒன்பது, ஆனால் ஊர் சங்ககிரி.

"அவங்க சங்ககிரி இல்லீங்களா?"

"அது மக ஊடுங்க. அங்கதான் இருக்கறாங்க இப்ப. காடு நம்ம பக்கத்துல. மக ஊட்ல இருந்து தெனமும் பஸ்ஸுல வந்து, காட்டுக் குடிச இருக்குதில்லீங்க, அந்தச் சாளையில உக்காந்து அமுக்கறாங்க."

ஜோஸ்லின் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு அவருடனே பஸ் ஏறினார்.

வரப்பில் கந்தம்மாள் நின்றிருந்தார். மருதாசலம் வாயைத் திறப்பதற்குள், "ஆமா, இவரு பாறைக் கெணத்த எறைச்சு எனக்கென்ன கெடைக்கப்போகுது? அதுல தண்ணி இருந்தாலாவது பரவால்ல" என்றார்.

காற்றில் ஏதோ குறுக்கீடு என்று சொல்லியிருக்கலாம். இருவரும் நம்பியிருப்பார்கள். ஜோஸ்லின் சொன்னார்:

"தப்பு என்னுதுங்க. ரெண்டு பேருக்கும் ஒன்பதையே குடுத்துட்டேன். கிணறு எங்கன்னு கேட்டிருக்கணும். வீடு எங்கன்னு கேட்டுட்டேன்."

மருதாசலம் தலையைச் சொறிந்தார். "அப்ப இத்தன நாளா நான் இவங்கள வைஞ்சது?"

"அத நீங்களே வெச்சுக்கங்க" என்றார் கந்தம்மாள்.

அடுத்த சண்டை, ஒன்பது யாருக்கு என்பது. முதலில் வாங்கியது தானென்றார் மருதாசலம். "எனக்கு அதுதான் அம்மிணி ராசி" என்றார் கந்தம்மாள். ஜோஸ்லின் ஸ்டார்ட்டர் பெட்டிமேல் கணினியை வைத்து, மருதாசலத்துக்கு நாற்பத்தொன்றும் கந்தம்மாளுக்கு அறுபத்தெட்டும் பதிந்தார்.

"கூட்டிப் பாருங்க. ரெண்டும் அஞ்சு."

கந்தம்மாள் விரல்விட்டு எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். "அஞ்சுன்னா செரி."

பிறகு பட்டனை அமுக்கினார். அவருடைய மோட்டார் மட்டும் ஓடியது. மருதாசலம் தன் ஸ்டார்ட்டரில் கைவைத்து வெகுநேரம் நின்றார்.

"என்ன, ஓடலீன்னு வருத்தமாட்ட இருக்குது?" என்றார் கந்தம்மாள். மருதாசலம் சிரித்துவிட்டார். ஜோஸ்லினுக்கு இருவர் காட்டிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு கிடைத்தது. தூக்க முடியாமல் தூக்கி வந்தார்.

இப்போது நோட்டில் 'ஊர்' என்ற தலைப்பு அடிக்கப்பட்டு 'கிணறு' என்று எழுதப்பட்டிருக்கிறது. எண்ணை அவரே தீர்மானிக்கிறார். இருந்தும் ஒன்பது கேட்பவர்கள் உண்டு. "அது ஏற்கெனவே ஓடிட்டிருக்குங்க" என்கிறார்.

பட்டறை மேசையில் ஒன்பது பதிந்த அட்டை ஒன்று எந்த மோட்டாரோடும் சேராமல் இருக்கிறது. காலையில் வந்ததும் அதற்கு மின்சாரம் கொடுக்கிறார். சிறு விளக்கு எரிகிறது; ஒன்பது ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கு இது என்று பிரான்சிஸ் ஒருமுறை கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் ஜோஸ்லின்.