தூங்கும்போது வாங்கி, தூங்கும்போது கொடுத்தோம்

என் மனைவி என்னைக் கேட்டு ஒரு காரியம் செய்ததாகச் சரித்திரம் கிடையாது. இந்தக் குழந்தை விஷயமும் அப்படித்தான். நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், எங்கள் வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று பகல் முழுவதும் இருக்கப்போகிறது என்று முடிவாகிவிட்டிருந்தது.

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஓர் ஒற்றை அறை வீடு. அதில் ஓர் இளம் தம்பதி குடியிருந்தார்கள். கணவன் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து சாயங்காலத்தில் மீன் பெட்டி ஏற்றிவரும் லோடு வண்டி ஓட்டுகிறவன். மனைவி சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி, விடியற்காலை ஷிப்ட். அவள் வேலையில் இருக்கும்போது குழந்தையை அவன் பார்த்துக்கொள்வான், அவன் வண்டி எடுக்கும் நேரத்துக்கு அவள் வந்துவிடுவாள். என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். அந்தப் பெண்ணின் கம்பெனிக் கோட்டுக்குக் கை சுருக்கித் தந்ததில் ஏற்பட்ட பழக்கம்.

ஒரு நாள் கடற்கரைச் சாலையில் மாடு குறுக்கே வந்து, வண்டி கவிழ்ந்து, அவனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை. எழுந்து நடமாட இரண்டு மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கோ பயிற்சி முடியவும் அதே இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். வேறு வழியில்லாமல் செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் நாத்தனாரிடம் குழந்தையை விட்டுவிடுவது என்று தீர்மானித்து, தைக்கக் கொடுத்திருந்த இன்னொரு கோட்டை வாங்க வந்தவள், சொல்லும்போதே அழுதுவிட்டாளாம். என் மனைவி மிஷினை நிறுத்தியிருக்கிறாள். "புள்ளைய எங்கயும் அனுப்ப வேணாம். இங்க வுட்டுட்டு வேலைக்குப் போ" என்று சொல்லியிருக்கிறாள். மாதம் எவ்வளவு தரட்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, இன்னொரு தடவை அப்படிக் கேட்டால் கோட்டைத் தரமாட்டேன் என்று பதில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழந்தை வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இவளுக்கு முட்டி வலி. மிஷினை விட்டு எழுந்திருக்கவே இரண்டு தடவை யோசிப்பாள். அப்படியானால் குழந்தை பின்னால் ஓடப்போவது யார்? முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே வேலை பார்த்து, இப்போதுதான் உட்காரப் பழகிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கி காலைல அஞ்சு மணிக்கு வருது. கேட்டத் தொறந்து வைங்க" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்குக் குழந்தை தாயின் தோளில் தூங்கிக்கொண்டு வந்தது. ஐந்தரைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் வந்துவிடும். அந்தப் பெண் குழந்தையை எங்கள் கட்டிலில் கிடத்தி, ஒரு பையை வைத்துவிட்டு ஓடினாள். ஏழு மணிக்குக் கண் விழித்த குழந்தை எழுந்து உட்கார்ந்து, டிக்கெட் எடுக்காத பயணி செக்கிங்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். யார் முதலில் அழப்போகிறோம் என்று தெரியாத நிலைமை. கடைசியில் அது பிஸ்கட் கேட்டது, நான் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் பெரும்பாடு. வாய்க்குள் ஒரு பருக்கை போகாது. என் மனைவி காக்கா காட்டினாள், நிலா இல்லாத நேரத்தில் நிலா காட்டினாள். மூன்றாம் நாள் பொறுமையிழந்து நான் தட்டைப் பிடுங்கி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தாம்பரம் ஏறு, தாம்பரம் ஏறு" என்றதும் குழந்தை என்ன சத்தம் என்று வாயைத் திறந்தது. ஒரு கவளம் உள்ளே போயிற்று. "ரைட்" என்றேன். அப்புறம் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஸ்டாப்புக்கு ஒரு வாயாகச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது தட்டு காலி. அன்றிலிருந்து இதுதான் ரூட். நான் இல்லாத நேரத்தில் என் மனைவி ஊட்டினால் பொத்தேரியை விட்டுவிட்டு மறைமலை நகர் போய்விடுவாள். குழந்தை வாயை இறுக்க மூடிக்கொள்ளும். பொத்தேரி வந்தால்தான் திறக்கும்.

என்னைத் தாத்தா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள் இவள். குழந்தை கேட்கவில்லை. நான் எதற்கெடுத்தாலும் ரைட் ரைட் என்பதால் "ரைட்டு" என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் முதல் எல்லோருக்கும் நான் ரைட்டு ஆனேன். வெளியே அலுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்கு ஒரு குணம் உண்டு. நேரம் என்றால் நேரம். டிப்போவில் என் பஸ் கிளம்புவதைப் பார்த்துக் கடிகாரம் சரிசெய்தவர்கள் இருக்கிறார்கள். அதே கட்டுப்பாட்டைக் குழந்தையிடமும் கொண்டுவந்தேன். எட்டுக்கு நாஸ்தா, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒன்றிலிருந்து இரண்டுவரை தூக்கம், ஏழுக்கு இரவுச் சாப்பாடு, ஏழரைக்கு விளக்கை அணைத்துத் தட்டிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் குறட்டை. அந்தப் பெண் ஷிப்ட் முடிந்து அங்கிருந்தே ரயிலேறிச் செங்கல்பட்டு போய், கணவனுக்கு வேண்டியதைச் செய்து, ஊட்டிவிட்டு, எட்டு மணி ரயிலில் ஊரப்பாக்கம் வந்து இறங்குவாள். வரும்போது குழந்தை குளித்து, சாப்பிட்டு, பவுடர் பூசி, தூங்கிக்கொண்டிருக்கும். அலுங்காமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவாள். காலையில் அதே தூக்கத்தோடு கொண்டுவந்து கிடத்துவாள். பயிற்சியில் இருப்பவள் மறுக்க முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாவம், அலைந்து வருகிறவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் குழந்தையைக் கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமையோ பெருமை. அம்மாவைக் கேட்டு ஒரு நாள்கூட அழவில்லை, தங்கமான பிள்ளை என்று இவளும் தினம் சொல்வாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போவாள்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரேஷன் கார்டு நகல் கேட்டிருந்தார்கள். அதை எடுக்க அவள் கம்பெனி பஸ்ஸிலேயே ஊரப்பாக்கம் வந்து போவதாகப் போன் செய்தாள். மூன்று மணிக்கு பஸ். குழந்தைக்குத் தலை வாரி, பூ வைத்து, நானே ரோட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எண்ணம்.

பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, பாதிப் பேர் முகத்தில் மாஸ்க். "அம்மா எங்கே, போ" என்று கையை விட்டேன். குழந்தை ஓடிப்போய் ஒரு கோட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் குனிந்து சிரித்தாள். அது வேறு யாரோ. குழந்தை நிமிர்ந்து பார்த்து, ஆள் தப்பு என்று தெரிந்து, கையை எடுத்தது. இரண்டடி தள்ளி அதன் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை அவளையும் பார்த்தது. பிறகு திரும்பி, "ரைட்டு" என்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

மற்றவர்கள் சிரித்தார்கள். குழந்தையின் அம்மாவும் கூடவே சிரித்தாள். எனக்கு அந்த நிமிடம் பெரிய சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என்னிடம்தான் வந்தாள் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

வீட்டுக்குப் பாதித் தெரு நடந்திருப்போம். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, நீங்களும் அக்காவும் நல்லாதான் பாத்துக்கிறீங்க. நான் கொற சொல்லல. ஆனா நான் அவள முழிச்சினு பாத்தே மூணு வாரம் ஆவுது. என்னத் தேடி ஒரு நாளும் அழலன்னு அக்கா சொல்லும்போது வவுறு எரியுது. என்ன மறந்துடக் கூடாதுன்னுதான் செய்யூருக்கு அனுப்பாம இங்க வுட்டேன்."

வீட்டுக்கு வந்து, அவள் கார்டை எடுத்துக்கொண்டு போனதும் எனக்குக் கோபம் பொங்கியது. உடம்பைப் போட்டு உழைத்தால் கிடைக்கும் பேர் இதுதான் என்று மனைவியிடம் கத்தினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். முகம் வாடிப்போயிருந்தது.

"நானும்தான் தப்பு பண்ணிகினு இருந்தேன்" என்றாள். "நீங்க டயத்துக்கு வண்டிய எடுத்தீங்க, சரி. ஏற வேண்டிய ஆளு ஸ்டாப்புல நின்னுகினு கீதே, அத வுட்டுட்டு எடுத்துட்டீங்களே."

ஒரு கண்டக்டரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. வாயை மூடிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிஸ்கட்டில் பாதி கொடுத்தது.

மறுநாளே நேரங்களை மாற்றினேன். மதியத் தூக்கத்தை நாலு மணிக்குத் தள்ளினேன். அதுவரை அதைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. கீழே விழுந்து புரண்டது, என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. கடைசியில் தெருவில் நாயைத் துரத்தப் போனோம், இரண்டு பேரும். ஏழரை மணிக்குச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினோம்.

ரயிலிலிருந்து இறங்கிய அந்தப் பெண், பிளாட்பாரத்தில் விழித்துக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் டப்பாவை அவள் கையில் கொடுத்து, ஸ்டாப் பெயர் சொன்னால்தான் சாப்பிடும் என்று மட்டும் சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பரனூர் என்று ஆரம்பித்தாள். செங்கல்பட்டிலிருந்து வருகிறவளுக்கு அதுதானே முதல் ஸ்டாப். ரூட் தலைகீழாக இருப்பதைக் கண்டு குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வாய் திறந்தது. கூடுவாஞ்சேரி வரும்போது அவள் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. வழியில் நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

அப்புறம் தினமும் அப்படித்தான். பிளாட்பாரத்தில் சாப்பாடு, தோளில் ஏறி வீடு, வீட்டில் பத்து மணிவரை ஆட்டம். தூக்கமே இல்லை அண்ணே என்று அந்தப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வாள், முகம் மட்டும் தெளிவாக இருக்கும். நாளாக ஆக, பிளாட்பாரத்தில் என் விரலை உதறிவிட்டு முன்னால் ஓட ஆரம்பித்தது குழந்தை. எனக்கு வலிக்கத்தான் செய்தது. வலிக்காமல் என்ன, நானும் மனுஷன்தானே.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, ஐந்து மணி. வழக்கம்போல் அந்தப் பெண் வந்து தோளிலிருந்து குழந்தையை என் கையில் மாற்றினாள். அன்றைக்கு அது கண்ணைத் திறந்துவிட்டது. என்னைப் பார்த்தது, கம்பெனிக் கோட்டைப் பார்த்தது. நடக்கப்போவது என்னவென்று புரிந்ததும் போட்டது ஒரு சத்தம். அம்மா என்று தெருவே எழுந்திருக்கும்படி அலறியது. கோட்டின் காலரைப் பிடித்த பிடியை விடவில்லை. என் நெஞ்சில் இரண்டு காலாலும் உதைத்தது. என் மனைவி முட்டி வலியோடு எழுந்து வந்து, விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் நிறையச் சிரிப்பு. "அழுவுறா பாருங்கண்ணே" என்றாள். ஏதோ பரிசு வாங்கியதைக் காட்டுவதுபோல் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பத்து மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. அவள் கணவன் எப்படி இருக்கிறான், மாத்திரை என்ன ஆயிற்று என்று நான் கேட்ட எதற்கும் பதிலில்லை. எவ்வளவு நேரம் அழுதாள் என்றுதான் கேட்டாள்.

உண்மையில் நாலு நிமிடம். அவள் பஸ் ஏறியிருக்கவே மாட்டாள், அதற்குள் பிஸ்கட்டோடு சமாதானமாகிவிட்டது. இப்போது எதிரே உட்கார்ந்து என் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம்மா" என்றேன். "நிறுத்தவே முடியல."

அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.