போட் ஓடாத நாளுக்கான குளிசை

மணம்

பழுத்த முந்திரிகைப்பழத்தின், அதுதான் திராட்சையின், மணம் எனக்குப் பசியைத் தருவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கூடை கூடையாகக் குவித்திருப்பார்கள். வெயில் ஏற ஏற அந்த இனிப்பு காற்றில் கனக்கும். சுற்றி நிற்பவர்கள் விலை கேட்பார்கள். எனக்கு ஒரு காலின் ஞாபகம் வரும். இடது கால். நெடுந்தீவுச் சவரிமுத்து அண்ணையின் கால்.

நான் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிறேன், நுண்ணுயிரியல் பகுதியில். புண்ணின் சீழ், சிறுநீர், சளி, இரத்தம் எல்லாம் எங்களிடம் வரும். அதன் சொந்தக்காரர் வருவதில்லை. வந்ததைக் கிருமி வளர்க்கிற அகார் தட்டில் கீறி, இன்கியூபேட்டரில் வைத்து, அடுத்த நாள் காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்போம். சூடோமோனாஸ் என்ற பற்றீரியா முளைத்திருந்தால் மூடியைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். தட்டில் பச்சை படர்ந்திருக்கும். முந்திரிகைப்பழம் மணக்கும். சாவுக்குக் கிட்டவாக நின்று வேலை பார்க்கிற ஒரு கிருமிக்கு இந்த மணத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

தட்டை மணந்து பார்க்கக் கூடாது என்பது லாப் விதி. எங்கள் நுண்ணுயிரியல் டொக்டர் அடிக்கடி சொல்லுவார்: "மூக்கு சோதனைக் கருவி இல்லைப் பிள்ளை. கிருமி மூக்குக்குள்ள ஏறினா, பிறகு உம்மைத்தான் நாங்கள் சோதிக்கோணும்."

நாங்கள் மணப்பதில்லை. அது தானாக வரும்.

வெளி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் காகித வட்டங்களை வைப்போம். டிஸ்க் என்போம். மருந்து வேலை செய்தால் டிஸ்கைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வெளி வரும், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுகிற மாதிரி. அந்த வெளியை அளந்து, போதுமென்றால் S, மருந்து கேட்கும்; போதாதென்றால் R, கேட்காது. எங்கள் நாள் முழுவதும் இந்த இரண்டு எழுத்துக்குள் ஓடும்.

சவரிமுத்து அண்ணையின் தட்டில் சிப்ரோ என்ற மருந்தின் டிஸ்கைச் சுற்றி வெளி எதுவும் இல்லை. கிருமி டிஸ்கின் ஓரம் வரை வந்து, மாடு வேலியோரம் நின்று மேய்கிற மாதிரி நின்றது.

அது ஏன் பெரிய விடயம் என்றால், சூடோமோனாஸுக்கு வாயால் போடுகிற குளிசை என்று இருப்பது அந்தச் சிப்ரோ வகை மட்டும்தான். மற்றதெல்லாம் ஊசி. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்து, நரம்பில் ஏற்ற வேண்டிய ஊசி. சத்திரசிகிச்சை டொக்டர் முதல் நாளே கேட்டிருந்தார்: "குளிசை ஏதும் வேலை செய்யுமோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. ஆள் வாட்டில நிக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறார். அப்பிடியே போனால் கணுக்காலோட எடுக்க வேண்டிவரும்."

அண்ணைக்குச் சலரோகம், நீரிழிவு. காலில் உணர்ச்சி குறைவு. தீவில் திரிகிற காட்டுக்குதிரை ஒன்று தட்டி விழுத்திய கல்வேலியை வெறுங்காலோடு நின்று அடுக்கியிருக்கிறார். கல் பெருவிரலுக்குப் பக்கத்தில் கிழித்தது அவருக்குத் தெரியாது. இரத்தத்தைக் கண்டு சொன்னது மனைவி திரேசக்கா.

அந்தத் திரேசக்காதான் லாப் யன்னலுக்கு வந்து நின்றா. யன்னலுக்கு வருகிற சனத்தை நாங்கள் வாட்டுக்குத்தான் திருப்பி அனுப்புவோம். ஆனால் நான் புங்குடுதீவு மடத்துவெளி ஆள். நெடுந்தீவுச் சனம் போட்டில் கடல் தாண்டி வந்து குறிகட்டுவானில் இறங்கி, எங்கள் படலையைத் தாண்டித்தான் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகும். அந்த முகங்களை, கடலில் நனைந்து பஸ்ஸில் காய்ந்த அந்த உடுப்புகளை, எனக்குச் சின்னனில் இருந்து தெரியும். என்னால் யன்னலைச் சாத்த முடியவில்லை.

"பிள்ளை, ரிப்போட் வந்திட்டுதோ?"

"டொக்டர்தான் அக்கா சொல்லுவார்."

"குளிசையோ ஊசியோ, அதை மட்டும் சொல்லும். ஊசியெண்டா மனுசன் இண்டைக்கே வெளிக்கிட்டிடும். மாட்டுக்குத் தண்ணி அள்ள அங்க ஆளில்லை."

அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனா.

ரின்

எங்கள் டொக்டருக்கு அந்தத் தட்டு பொறுக்கவில்லை. "ஒரு புண்ணுக்குள்ள மருந்துக்கு இவ்வளவு பழகின கிருமி எங்கயிருந்து வந்தது? வாரும், கேட்டிட்டு வருவம்" என்று என்னையும் வாட்டுக்குக் கூட்டிப்போனார்.

சவரிமுத்து அண்ணை கட்டிலில் இருந்தார். மெலிந்து, கறுத்து, கண் மட்டும் சிரிக்கிற ஆள்.

"அண்ணை, முந்தி இந்தச் சிப்ரோ, வெள்ளை நீட்டுக் குளிசை, போட்டனீங்களோ?"

"போட்டனான். எல்லாம் போட்டனான் டொக்டர். சிவப்பும் மஞ்சளும், வெள்ளை, கறுப்பு."

"எத்தினை நாளைக்கு?"

"சுகம் தெரியும் வரைக்கும். மிச்சம் ரின்னுக்க போகும்."

"என்ன ரின்?"

திரேசக்கா விளக்கினா. அவர்களுடைய ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்கே பொதுவாக, தகரத்தில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. எந்த வீட்டில் யாருக்கு மருந்து கொடுத்தாலும் பாதியைப் போட்டுவிட்டுப் பாதியை அந்த ரின்னுக்குள் வைப்பார்கள். சோளகக் காற்றுத் தொடங்கினால் போட் எந்த நாள் ஓடும், எந்த நாள் ஓடாது என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்காலத்தில் கடல் பூட்டிக்கிடந்தபோது பழகிய பழக்கம். தேவைப்பட்டவர் ரின்னிலிருந்து எடுக்கலாம். எடுத்தவர், தனக்கு மருந்து கிடைக்கும்போது எடுத்த அளவைத் திருப்பி வைக்க வேண்டும்.

"களவு ஒண்டும் இல்லை டொக்டர்" என்றா. "இண்டைவரைக்கும் ஒருத்தரும் எடுத்துப்போட்டு வைக்காமல் விட்டதில்லை."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒழுங்கையில் ஒரு குளிசை வீணாகவில்லை. ஒரு மருந்தையும் சொன்ன நாள்வரை யாரும் போட்டு முடிக்கவும் இல்லை. பல்வலி, சளித் தடிமன், மாட்டுக்கண்டுக்குக் கழிச்சல் எல்லாத்துக்கும் ரின். ஒரு கோழிக்கும் கொடுத்திருக்கிறார்கள். கோழி பிழைத்துவிட்டதாம்.

"அண்ணை," என்றார் டொக்டர், "கொஞ்ச மருந்து போட்டால் கிருமியில நோஞ்சான் எல்லாம் சாகும். தாக்குப்பிடிக்கிறது மிஞ்சும். மிஞ்சினதுதான் குட்டி போடும். திருப்பித் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டால்…"

"அப்ப நான் நல்ல இனமா வளர்த்திருக்கிறன்."

"ஓம். திறமான இனம்."

"மாடு இப்பிடி வாய்க்கேல்லை."

"அது மட்டுமில்லை. தாக்குப்பிடிக்கிற அந்த வித்தையைப் பக்கத்தில நிக்கிற கிருமிக்கும் குடுக்கும். தன்ர இனத்துக்கு மட்டுமில்லை, வேற இனக் கிருமிக்கும் குடுக்கும்."

"சாதி பாக்காதோ?"

"பாக்காது."

"அப்ப எங்கட சனத்தைவிடத் திறம்" என்றார் சவரிமுத்து அண்ணை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். திரேசக்கா சிரிக்கவில்லை. "காலைப் பற்றிக் கதையுங்கோ" என்றா.

டொக்டர் காலைப் பற்றிக் கதைத்தார். தட்டில் ஒரேயொரு ஊசி மருந்துக்கு நல்ல வெளி இருந்தது. அதைக் கிழமைக்கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கால் நிற்கலாம். இடையில் வீட்டுக்குப் போனால் நிற்காது.

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கால் போனாலும் நான் மனுசன்தான். தண்ணி இல்லாட்டி மாடு செத்துப்போம்."

ஞானம்மா

இன்றைக்குப் போறன், நாளைக்குப் போறன் என்று அண்ணை வாட்டில் நின்ற மூன்றாம் நாள், யன்னலில் வேறொரு குரல். உரத்த குரல். திரேசக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு அக்கா, கையில் சீலைத் துணியால் சுற்றிய பிஸ்கட் ரின்.

"இதுதான் ஞானம்மா, பக்கத்து வீடு" என்றா திரேசக்கா. "ரின்னைக் குடுத்துவிடுங்கோ, டொக்டருக்குக் காட்டோணும் எண்டு சொல்லியனுப்பினன். தரமாட்டாளாம். தானே காவிக்கொண்டு வந்திருக்கிறாள்."

"ஏன் தாறது?" என்றா ஞானம்மா அக்கா. "உன்ர மனுசன்ர காலுக்கு எங்கட ரின் என்ன செய்தது? நாளைக்குக் காத்துக்கு போட் நிண்டால் டொக்டர் நீந்தி வருவாரோ?" பிறகு என்னிடம் திரும்பி, மூடியைத் திறந்து யன்னல் விளிம்பில் வைத்தா. "பிள்ளை, நீர்தானே மருந்து சோதிக்கிறனீர். இதில எது வேலை செய்யும், எது செய்யாது எண்டு பிரிச்சுத் தாரும். செய்யாததை எறியிறன். மிச்சம் இருக்கட்டும்."

இத்தனை வருட வேலையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கேள்வியில் பிழையில்லை. ஆனால் குளிசையைத் தனியே வைத்து அதைச் சொல்ல ஏலாது. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். நான் சொன்னேன்.

"அப்ப என்ர கிருமியைப் பாரும்" என்றா. குரல் கொஞ்சம் இறங்கியது. "சலம் எரியுது. கொஞ்ச நாளாக் குளிரும் காய்ச்சலும். ரின்னில போட்டனான், கேக்கேல்லை."

டொக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். மாலையில் அவவின் சிறுநீர் லாப்புக்கு வந்தது. அடுத்த நாள் அதில் ஈ.கோலை என்ற பற்றீரியா முளைத்தது. சவரிமுத்து அண்ணையின் கிருமி இல்லை; வேறு இனம். டிஸ்க்குகளை வைத்தேன். மறுநாள் காலையில் தட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது, அந்த ரின்னுக்குள் இருந்த ஒவ்வொரு மருந்தின் டிஸ்கைச் சுற்றியும் கிருமி முட்டி நின்றது. ரின்னில் இல்லாத ஊசிகளுக்கு மட்டும் வெளி இருந்தது. மூடியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

ஞானம்மா அக்காவைப் பெண்கள் வாட்டில் மறித்து ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்ட அன்றைக்கு டொக்டர் போய் விடயத்தைச் சொன்னார். நானும் போயிருந்தேன். அவ ரின்னை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தா.

"எல்லாமோ?"

"உங்கட கிருமிக்கு எல்லாம்தான்."

"சிவப்பும் மஞ்சளுமோ?"

"அதுவும்."

ரின்னின் மூடியை அழுத்தி மூடினா. பிறகு, "அப்ப காத்துக்கு என்ன செய்யிறது டொக்டர்?" என்று கேட்டா.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றார் டொக்டர். "இதுக்குள்ள இருக்கிறது உங்களைக் காப்பாத்தாது எண்டது மட்டும்தான் தெரியும்."

அந்தப் பதிலுக்கு அவ ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. ரின்னை டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு, ஆண்கள் வாட்டுக்கு நடந்து போனா. பின்னால் நானும் போனேன். கட்டில் காலடியில் நின்று சொன்னா:

"சவரி, நான் நாளைக்குப் போறன். உன்ர மாட்டை நான் பாக்கிறன். நீ கிட."

"உனக்குத் தண்ணி அள்ள ஏலுமோ? காய்ச்சல்காரி."

"என்ர மருமகன் அள்ளுவான். அவனுக்கும் ரின்னில பங்கிருந்தது. இப்ப ரின் இல்லை, மாடாவது இருக்கட்டும்."

அண்ணை வாட்டிலேயே கிடந்தார்.

படித்தது

நான் நெடுநாளாக R என்று எழுதுகிறபோது மனதுக்குள் யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன். விசர்ச்சனம், மருந்தை ஒழுங்காகப் போடாத சனம் என்று. தட்டு அப்படித்தான் நினைக்க வைக்கும்; தட்டில் கடல் இல்லை, காற்று இல்லை, பக்கத்து வீடு இல்லை. அந்த ஒழுங்கையில் கவனமில்லாத ஆள் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் மருந்தைச் சேர்த்துவைத்தார்கள். கிருமியும் அதையேதான் செய்தது, இன்னும் வேகமாக. அதனால் இப்போது R எழுதுகிற நாளில் நான் டொக்டரிடம் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுக்கிறேன்: இந்த ஆள் எங்கே இருக்கிறார், அங்கே மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது? புதிதாக வருகிறவர்களும் கேட்டுப் பழகுங்கள். பதில் கிடைக்காத நாள்தான் அதிகம்.

ரின் விடயத்துக்கு முழுமையான தீர்வு வரவில்லை. நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு டொக்டர் போன் எடுத்துக் கதைத்தார். காற்றுக்காலத்துக்கு முன்னரே காய்ச்சல்காரரை வந்து காட்டச் சொல்லி அந்த ஒழுங்கைக்கு ஒரு நேர்ஸ் மிஸ் போனதாகக் கேள்வி. வேறு ஒழுங்கைகளில் வேறு ரின்கள் இருக்கும்.

போற நாள்

அண்ணைக்கு இரண்டு விரல் போனது. கால் நின்றது. துண்டு வெட்டி வீட்டுக்குப் போகவிட்ட அன்று ஊன்றுகோலோடு லாப் யன்னலுக்கு வந்தார். திரேசக்கா பின்னால் பையோடு நின்றா, பஸ்ஸுக்கு நேரம் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு.

"பிள்ளை, என்ர கிருமியை ஒருக்காக் காட்டுமன்."

காட்டக் கூடாது. ஆனாலும் மூடிய குழாய் ஒன்றைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்தேன். பச்சையாக, அசையாமல் இருந்தது.

"வடிவாயிருக்கு" என்றார்.

"வடிவு பாக்கிற நேரம்" என்றா திரேசக்கா. "போட்டை விட்டால் இண்டைக்குக் குறிகட்டுவானிலதான் படுக்கோணும்."

அவர் நகரவில்லை. "இது அங்க, எங்கட ஒழுங்கையிலயும் இருக்குமோ?"

"இருக்கும் அண்ணை. மண்ணில, தண்ணியில."

"திருப்பி வந்தால் இந்த ஊசியும் கேக்காதோ?"

"ஒரு நாளைக்குக் கேக்காமலும் போகும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"கல்லுத் தூக்கேக்க சப்பாத்துப் போடுங்கோ."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார், கட்டுப்போட்டதையும் போடாததையும்.

"ரெண்டு காலுக்குமோ?"

"ஓம் அண்ணை. ரெண்டுக்கும்."