மடியை விட்டு இறக்காத கேமராப் பெட்டி

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். தேனியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஒரு நாள் குமுளிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் படம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பெரிய சந்தேகப் பிராணி. உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவன் கேமராப் பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்ற விடுவேனா? கண்டக்டர் கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். அரை மூட்டை நெல் கனம் இருக்கும் அந்தத் தேக்குப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காரணமும் இருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அதுவரை அந்தக் குழந்தையை யாரும் படம் எடுத்ததில்லை. அடக்கம் செய்வதற்கு முன் தாய் மடியில் கிடத்தி நான் எடுத்த இரண்டு கண்ணாடித் தகடுகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. கழுவும் வரைக்கும் துளி வெளிச்சம் பட்டாலும் தகடு கரியாகிவிடும். மறுபடி எடுக்க அந்த முகம் கிடையாது.

பக்கத்தில் கம்பளி போர்த்திய ஒருவர். கன்னத்தில் வெட்டுத் தழும்பு. ஏறியதிலிருந்து என் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கால் மரத்துப்போகும்யா. இங்கன கொடுங்க, கொஞ்ச நேரம் நான் வச்சுக்கிடுறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஆளுக்கு என் கால் மேல் என்ன அக்கறை? வேண்டாம் என்று பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். துணிமணி என்று ஒரு பொய்யைச் சொன்னேன். துணிமணிக்கா இவ்வளவு கனம் என்று பின் சீட்டில் ஒருவர் சிரித்தார்.

அந்தப் பொய்தான் வினையாக வந்தது. மலை அடிவாரச் சாவடியில் கஞ்சா சோதனை. ஏட்டு பஸ்ஸுக்குள் ஏறியதும் பின் சீட்டுக்காரர் என்னைக் காட்டிக் கொடுத்தார்.

"ஏட்டய்யா, அந்தப் பெட்டியைப் பாருங்க. துணிமணின்னு சொன்னாக, மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கிறாக."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்? பூட்டைத் திறந்து கேமராவைக் காட்டினேன். அது சரி, அடியில் கறுப்புத் துணி சுற்றிய தகரப் பெட்டியில் என்ன, அதையும் திற என்றார் ஏட்டு. விவரத்தைச் சொன்னேன். ஒரு தடவை பொய் சொன்னவன் பேச்சை யார் நம்புவார்கள்? நீ திறக்கிறாயா, நான் உடைக்கட்டுமா என்றார். அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போது கம்பளிக்காரர் எழுந்தார்.

"வெளிச்சம்தான ஆகாதுங்கிறாக? என் கம்பளிக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க ஏட்டய்யா. கஞ்சான்னா கைக்குத் தெரியாதா?"

ஏட்டு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தகரப் பெட்டியைச் சீட்டில் வைத்து, என் கறுப்புத் துணியைப் போட்டு மூடி, அதன் மேல் கம்பளியை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, ஓரங்களை எல்லாம் கம்பளிக்காரரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே கையை விட்டு மூடியைத் திறந்தேன். ஏட்டு முழங்கை வரை கையை நுழைத்துத் தடவினார். ஓரத்தை மட்டும் தொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த நேரத்திலும், இந்த ஆள் எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று என் மனசு குடைந்துகொண்டேதான் இருந்தது.

மூடியைப் பழையபடி மூடினேன். கண்ணாடிதான் என்று சொல்லிவிட்டு ஏட்டு இறங்கிப் போனார்.

கூடலூரில் கம்பளிக்காரர் இறங்க எழுந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை தன்னால் போய் இடுப்பிலிருந்த பணப்பையைத் தொட்டுப் பார்த்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். கம்பளியைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, என் முன்னால் ஒரு உதறு உதறிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

படம் பழுதில்லாமல் வந்தது. அதை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டபோது, அந்தக் கும்பிடுக்கு உரியவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லையே என்று கூசிப்போனேன். இன்றைக்கும் யாராவது வலிய வந்து உதவினால் என் கை முதலில் இடுப்புக்குத்தான் போகிறது. போன கையோடு அந்த வெட்கமும் வந்துவிடுகிறது.